தீயணைப்புப் படையின் பேச்சை நாம் கேட்கலாமா?

திருப்பதியில் வசிக்கும் நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதம் நீளமானதுதான்; ஆயினும் அதன் சாரம் இது. கல்லூரியில் முதலாண்டு படிக்கும் அவருடைய மகன், வலைத்தள வியாபாரம் ஒன்றின் வழியாகக் கைக்கு அடக்கமான வாக்கி-டாக்கிக் கருவி ஒன்றை வரவழைத்திருக்கிறான். விலை அதிகமில்லை, ஒரு ஜோடிச் செருப்பின் விலைதான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு போகிறதே, அது எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்பதை அதன் மூலம் கேட்க வேண்டுமாம். இதுகாறும் அவனுக்குக் கிட்டியது சரசரவென்ற இரைச்சல் ஒன்றுதான். "ஐயா, பையன் தவறான காரியம் எதுவும் செய்யவில்லை. பேசவில்லை, கேட்கத்தானே செய்கிறான்? இதனால் ஏதேனும் தொல்லை வருமா? தாங்கள் விசாரித்து எழுத வேண்டும்" என்று அன்பர் முடித்திருக்கிறார். அடியில் அவர் மனைவியார் வேறு கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மாடியில் பனி அதிகம், அதையும் எழுதவும்."

பனியைப் பற்றி எழுத நமக்குத் தகுதியில்லை. மற்றதை விசாரித்தோம். "கேட்கத்தானே செய்கிறான்" என்ற அந்த ஒரு சொல்லிலேயே விஷயம் முழுவதும் அடங்கியிருப்பதாக நமக்குப் படுகிறது.

நம் இல்லங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்: கூடத்தில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருந்தால், ஆண்டுதோறும் தபாலாபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை பெற்று வர வேண்டும். பாட்டும் செய்தியும் கேட்பதற்கே அந்தக் கட்டுப்பாடு. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், அனுமதியின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. 1980-களில் வீட்டு ரேடியோவுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அதிலிருந்து, காற்றில் வருவதெல்லாம் எல்லாருக்கும் பொது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் விலக்கு அளிக்கப்பட்டது பொதுஜனங்களுக்காக ஒலிபரப்பப்படுவதைக் கேட்பதற்கு மட்டுமே. பொதுமக்களுக்கென்று அனுப்பப்படாத செய்திகளை அனுமதியின்றி இடையில் பற்றிக் கேட்பதைத் தத்தம் நாட்டில் தடுக்க வேண்டும் என்று அகில உலக வானொலி விதிகளின் 17-ஆவது பிரிவே அரசாங்கங்களைக் கேட்டுக்கொள்கிறது.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, 2024 ஜூன் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்ட விரோதமாக ஒரு செய்தியை வழிமறித்துக் கேட்பவருக்கு 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அது கூறுகிறது. "வானத்திலிருந்து தானாக வந்து காதில் விழுந்ததைக் கேட்பது வழிமறிப்பு ஆகுமா?" என்று நல்ல வக்கீல் ஒருவர் வாதாடலாம். வாதாடட்டும். ஆனால் அந்த வாதத்துக்கு நம் அன்பரின் பிள்ளை பரீட்சைப் பொருளாக வேண்டிய அவசியம் என்ன?

கருவியைப் பொறுத்தும் ஒரு செய்தி உண்டு. எல்லா வாக்கி-டாக்கியும் ஒன்றல்ல. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடத்தில், சொற்ப சக்தியோடு இயங்கும் கருவிகளுக்கு 2018-ஆம் ஆண்டின் விதிகள் லைசென்ஸிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அவற்றுக்குங்கூட மாதிரி அங்கீகாரம் உண்டா என்று பார்த்தே வாங்க வேண்டும். வலைத்தளக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பல கருவிகளோ 136 முதல் 174 வரையிலும், 400 முதல் 480 வரையிலும் எங்கு வேண்டுமானாலும் பேசவும் கேட்கவும் வல்லவை. அவற்றை அனுமதியின்றி வைத்திருத்தல் ஆகாது. இந்த விவரத்தை வாங்குபவருக்குச் சொல்லாமலே விற்பது மிகுந்து போனபடியால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ஆம் ஆண்டில் இதற்கென்றே நெறிமுறைகளை வெளியிட்டது. ஆகவே பையன் மட்டும் ஏமாறவில்லை. பலரும் ஏமாந்திருக்கிறார்கள் என்று அவனுடைய தந்தையார் ஆறுதல் கொள்ளலாம்.

இனி அந்தச் சரசரப்பைப் பற்றி. இதில்தான் நமக்குச் சுவை அதிகம்.

முன்னாளில் போலீஸ், தீயணைப்பு, மின்சாரம் என்று ஒவ்வோர் இலாகாவுக்கும் ஓர் அலைவரிசை தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. தீ இல்லாத நாளில் தீயணைப்புப் படையின் அலைவரிசை வெறுமனே கிடக்கும். அதே வேளையில் திருவிழாக் கூட்டத்தில் போலீஸாரின் அலைவரிசையில் ஒருவர் பேச்சின்மேல் மற்றொருவர் பேச்சு விழும். இந்த விரயத்தைப் போக்க வந்ததே 'டிரங்கிங்' என்னும் முறை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். 'டிரங்க் கால்' போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தவர்கள் நம்முள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டு ஊர்களுக்கு இடையே இருந்தவை சில கம்பிகளே. அவற்றை ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பி ஓய்ந்ததோ அதை எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் அடுத்தவருக்குக் கொடுப்பார். அதே ஏற்பாட்டைக் கம்பியில்லாத பேச்சுக்குச் செய்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் மனிதருக்குப் பதிலாகக் கணிப்பொறி உட்கார்ந்திருக்கிறது.

இன்னும் தெளிவாக வேண்டுமானால் திருமலையில் கல்யாண கட்டாவை நினைத்துக்கொள்ளலாம். முடி காணிக்கை செலுத்தப் போகிறவர் தமக்குப் பிடித்த நாவிதரிடம் நேரே போய் உட்கார்ந்துவிட முடியாது. வாசலில் சீட்டு வாங்க வேண்டும். எந்த எண்ணுள்ள நாவிதரிடம் போவது என்பதை அந்தச் சீட்டுச் சொல்லும். அடுத்த முறை போனால் வேறு எண். டிரங்கிங் முறையிலும் ஓர் அலைவரிசை சீட்டுக் கொடுக்கும் வாசலாகவே நாள் முழுவதும் இயங்குகிறது. தீயணைப்பு வீரர் தம் கருவியின் பொத்தானை அழுத்தியதும், அக்கருவி அந்த வாசலில் சீட்டுக் கேட்கிறது. கண நேரத்தில் அவருக்கும் அவர் குழுவைச் சேர்ந்த அத்தனை பேருக்கும் "இன்ன எண்ணுக்குப் போங்கள்" என்று உத்தரவு வருகிறது. எல்லாக் கருவிகளும் ஒருங்கே அங்கே தாவுகின்றன. பேச்சு முடிந்ததும் கலைகின்றன. மறுமொழிக்கு வேறோர் எண் கிடைக்கலாம். மாடியில் ஓர் எண்ணையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தீயணைப்புப் பேச்சில் அரை வாக்கியமும், அதை அடுத்து நகராட்சிக் குடிநீர் வண்டியைப் பற்றிய கால் வாக்கியமுமே கிடைக்கும்.

அதுவும் குரலாகக் கிடைப்பதில்லை. டிஜிட்டல் முறையில், பேசுபவரின் குரல் கருவிக்குள்ளேயே துண்டு துண்டாக நறுக்கப்பட்டு எண்களாகி வெளிவருகிறது. டி.எம்.ஆர். என்னும் முறை, 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே பாதையில் இரண்டு பேச்சுகளை மாற்றி மாற்றி அனுப்புகிறது. ஐரோப்பாவில் தோன்றிய டெட்ரா முறை 25 கிலோஹெர்ட்ஸில் நான்கு பேச்சுகளை அனுப்புகிறது. டெல்லியில் 2010-ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகள் நடந்தபோது டெட்ரா பயன்பட்டது. சென்னை மெட்ரோ ரயில்காரர்கள் பேசிக்கொள்வதும் அதில்தான். இவற்றின்மேல் மறைகுறிப் பூட்டும் போட்டுவிடலாம். சாதாரணக் கருவிக்கு இவையெல்லாம் வெறும் சரசரப்பே. பூட்டு எல்லாம் உறுதியானதென்றும் சொல்வதற்கில்லை: டெட்ராவின் பூட்டுகளில் ஒன்று, வெளியே சொல்லிக்கொண்ட வலிமையில் ஒரு பகுதிகூட இல்லாதபடி செய்யப்பட்டிருந்ததை, மிட்நைட் புளூ என்னும் நெதர்லாந்து ஆராய்ச்சிக் குழுவினர் 2023-இல் வெளிப்படுத்தினர். 80 பல் உள்ள சாவி என்று விற்றது, உள்ளே 32 பல்லாகக் குறைந்துவிட்டதாம். அதை ஆராய்ந்தவர்கள் பூட்டுச் செய்தவர்களுக்கும் அரசாங்கங்களுக்கும் முன்கூட்டித் தெரிவித்துவிட்டு, அவகாசம் கொடுத்து, பிறகே உலகுக்குச் சொன்னார்கள். ஆராய்ச்சிக்கும் ஒட்டுக் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு இதில் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

சரி, டிஜிட்டலும் டிரங்கிங்கும் தெரிந்த விலையுயர்ந்த வாக்கி-டாக்கியை வாங்கிவிட்டால்? அப்போதுதான் "கேட்கத்தானே செய்கிறான்" என்ற வாதம் அடியோடு விழுகிறது. காதுக்காக மட்டும் செய்த பெட்டி வேறு. காதும் வாயும் உள்ள கருவி வேறு. டிரங்கிங் முறையில் இயங்கும் வாக்கி-டாக்கி, சாவியைத் திருகியவுடன் தானாகவே சீட்டு வாசலுக்குச் சென்று "நான் இன்ன எண், வந்திருக்கிறேன்" என்று பதிவு கேட்கும். வைத்திருப்பவர் பொத்தானைத் தொடவே வேண்டியதில்லை. ஊர் மாறினாலும், குழு மாற்றினாலும் மறுபடி தெரிவிக்கும். அறியாத எண் வந்தால் அமைப்பு அதை விலக்கும். தொலைந்த கருவியை மையத்திலிருந்தே முடக்கிப் போடவும் வழி உண்டு. வாசற்படியில் நின்று பெயர் சொல்லிக் கதவைத் தட்டிவிட்டு, "நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று சொல்ல முடியுமா?

பழைய முறையில் ஒரே அலைவரிசையில் பேசும் இடங்களிலோ அபாயம் இன்னும் எளிது. பையன் கருவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறான், பொத்தான் அழுந்திவிடுகிறது. அவனுடைய குறட்டை அந்த அலைவரிசையை அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் புகைக்குள் இருக்கும் ஒரு வீரர் "தண்ணீரைத் திறங்கள்" என்று சொல்வது வெளியிலிருப்பவருக்குக் கேளாமற் போகலாம்.

இது மிகைப்படுத்திச் சொன்னதன்று. நியூயார்க் நகரில் 2001 மார்ச்சில் தீயணைப்புப் படைக்குப் புதிதாக டிஜிட்டல் கருவிகள் கொடுத்தார்கள். சில நாட்களுக்குள், குவீன்ஸ் பகுதியில் எரிந்துகொண்டிருந்த ஒரு வீட்டின் நிலவறையில் வழி தவறிய வீரர் ஒருவர் அபயக்குரல் கொடுத்தார். அருகிலேயே வெளியே நின்றவர்களுக்கு அது கேட்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் புதுக் கருவிகளை உடனே திரும்பப் பெற்றுக்கொண்டு, பழையவற்றையே கொடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களில் 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். தெற்குக் கோபுரம் விழுந்தபின், வடக்குக் கோபுரத்தை விட்டு வெளியேறும்படி இட்ட உத்தரவு மேலே ஏறியிருந்தவர்களில் பலருடைய காதை எட்டவில்லை என்பதைப் பிற்பாடு விசாரணைக் குழுவினர் விரிவாக எழுதியிருக்கின்றனர். கேட்க வேண்டியவர்களுக்கே கேளாமற்போன நாள் அது.

டிஜிட்டல் குரலுக்கு மற்றொரு குறையும் உண்டு. மனிதக் குரலை எண்ணாக்கும் யந்திரம், மனிதக் குரலைத் தவிர மற்ற ஓசையை அறியாது. பம்பின் இரைச்சலும், மரம் அறுக்கும் வாளின் ஓசையும் பேச்சோடு கலந்து வந்தால், அது குழம்பிப்போய் ஒன்றும் விளங்காத உளறலாக வெளியே தள்ளும். அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்களின் சங்கம் இதை ஆராயத் தனிக் குழு வைத்து, 2008-இல் எச்சரிக்கைகளை வெளியிட்டது. எரியும் கட்டடத்துக்குள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள இன்றும் பழைய முறையையே வைத்துக்கொண்டிருக்கும் படைகள் அங்கே பல.

அமெரிக்காவின் பேச்சை எடுத்ததும் நம் இளைஞர்கள், "அங்கே எல்லாரும் கேட்கிறார்களே!" என்பார்கள். உண்மைதான். 1928-இல் டெட்ராயிட் நகரப் போலீஸார் கார்களில் ஒருவழி ரேடியோ வைத்த காலத்திலிருந்தே அங்குள்ள குடிமக்களுக்கு அதைக் கேட்கும் பழக்கம் உண்டு. அந்நாட்டின் தீயணைப்பு வீரர்களில் பெரும்பகுதியினர் சம்பளமில்லாத் தொண்டர்கள். தம் ஊரில் தீ என்றால் வீட்டிலிருந்தே ஓட வேண்டியவர்கள். கேட்பதற்கென்றே செய்த 'ஸ்கேனர்' பெட்டி அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருப்பதில் வியப்பில்லை. அண்டை அயலாரும், பத்திரிகைக்காரர்களும் அதைப் பின்பற்றினார்கள். ஆனால் அங்கும் கதவுகள் சாத்தப்பட்டு வருகின்றன. நியூயார்க் போலீஸார் 2023-ஆம் ஆண்டில் தம் பேச்சுக்குப் பூட்டுப் போடத் தொடங்கினர், செய்தியாளர்கள் ஆட்சேபித்தனர். அதிகாரிகள் என்ன செய்கிறார்கள் என்பதைக் குடிமக்கள் அறிய வேண்டாமா என்ற அவர்களுடைய கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம். அது நியாயமான கேள்வி. எனினும் அந்த வழக்கு அவர்களுடைய சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கு. நம் பையன் இருப்பது திருப்பதியில்.

திருப்பதி என்றதும் மலையும் நினைவுக்கு வருகிறது. இந்த வகை அலைகள் பெரும்பாலும் கண்ணுக்கு எட்டிய தூரமே நேராகச் செல்பவை. நடுவே குன்று வந்தால் நின்றுவிடும். 2014 மார்ச்சில் சேஷாசலக் காடுகளில் தீப் பரவியபோது, விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் வாளிகளில் நீர் மொண்டுவந்து கொட்டியதை நம்மவர்களில் பலர் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய இடத்தில், ஒரு பள்ளத்தாக்கில் இருப்பவர் சொல்வது அடுத்த பள்ளத்தாக்கில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால், உச்சியில் ஓர் எதிரொலி நிலையம் பேச்சை வாங்கி மறுபடி வீச வேண்டும். நகரத்துக்குள்ளும் அப்படியே. 2023 ஜூனில் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்கு அருகில் படச் சட்டக் கடைக் கட்டடம் எரிந்த நாளில் அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் அறிவார்கள்: அங்கே தீயைவிடப் பெரிய இடைஞ்சல், பார்க்க வரும் கூட்டம். இன்ன தெருவில் தீ என்று வண்டி புறப்படும்போதே வீடுதோறும் தெரிந்துவிடுமானால், வண்டிக்கு முன்னால் நம் இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்கள் போய் நிற்கும். அதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

அரைகுறையாக அறிந்ததன் விளைவையும் இவ்வூர் கண்டிருக்கிறது. 2025 ஜனவரி 8 இரவு, வைகுண்ட துவார தரிசனச் சீட்டுக்காகக் கூடியிருந்த இடத்தில் நெரிசல் ஏற்பட்டு 6 பேர் உயிரிழந்தனர். நம் தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண்மணியும் அவர்களில் உண்டு. உடல்நலங் குன்றிய ஒருவரை வெளியே அழைத்து வரக் கதவைத் திறந்ததை, சீட்டுக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கூட்டம் எண்ணிவிட்டதாக அப்போது செய்திகள் வந்தன. கதவு திறந்தது தெரிந்தது. ஏன் திறந்தது என்பது தெரியவில்லை.

மொழியின் சங்கதியும் ஒன்று இருக்கிறது. பையன் பூட்டையெல்லாம் கடந்து கேட்டுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். கேட்பது தெலுங்காக அல்லவா இருக்கும்? புதிதாக இங்கே குடிவந்த நம்மவர் ஒருவர், மலைப்பாதைத் திருப்பத்தில் 'பிரமாதம்' என்று எழுதியிருந்த பலகையைக் கண்டு, காட்சி பிரமாதமாக இருக்கும் போலிருக்கிறது என்று வண்டியை நிறுத்தச் சொன்னாராம். தெலுங்கில் பிரமாதம் என்றால் விபத்து, ஆபத்து. 'அக்னி பிரமாதம்' என்று ரேடியோவில் கேட்டால், தமிழ் மட்டும் அறிந்தவர் யாரோ தீயைப் புகழ்கிறார்கள் என்றே நினைப்பார்.

சிரித்தாகிவிட்டது. ஆனால் இதே வாசலில்தான் நம் குடும்பங்களுக்கு உண்மையான அபாயம் நிற்கிறது. தீயணைப்புப் படை பேசுவதை நாம் கேட்பது இருக்கட்டும். நாம் பேசுவது அவர்களுக்கு விளங்குமா? சென்ற ஞாயிறன்று சங்கக் கூட்டம் முடிந்தபின், அங்கிருந்த பிள்ளைகளையும் பெண்களையும் ஒவ்வொருவராக எழுந்து, 101-க்கு டெலிபோன் செய்வதாகப் பாவித்து, தம் வீட்டில் தீ என்று தெலுங்கில் சொல்லும்படி கேட்டோம். எழுந்தவர்கள் 14 பேர். தடுமாறாமல் முகவரி சொன்னவர்கள் 5 பேர். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கும் சிறுமிகள் இருவர் அழகாகச் சொன்னார்கள். 11 ஆண்டுகளாகத் திருப்பதியில் கடை வைத்திருக்கும் அன்பர் ஒருவருக்குத் தம் தெருவின் பெயர் தெரியவில்லை. "சந்தில் இரண்டாவது வீடு, எல்லாருக்கும் தெரியும்" என்றார். கடிதம் எழுதிய அன்பரின் மகனும் வந்திருந்தான். அலைவரிசைகளை அடுக்கிச் சொல்கிறான். வீட்டுக் கதவெண்ணைச் சொல்லச் சற்று யோசித்தான். பிள்ளை கெட்டிக்காரன்; வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டான்.

தொலைபேசியில் சொல்லும் முதற்சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று இருக்கிறது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பலில் பஞ்சும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றியிருந்தபோது தீப் பிடித்தது. தீ பெரியது என்பதைக் குறிக்கும் அடையாளச் சொல்லை டெலிபோனில் சொல்லும்படி ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தால் டெலிபோனில் எண் சுழற்றும் வட்டு இல்லை. வேறு வழியின்றி அபாய மணிப் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். மணி போயிற்று, தீயின் அளவு போகவில்லை. சாதாரண அழைப்பு என்று எண்ணி முதலில் இரண்டு பம்புகளே வந்தன என்று அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கின்றனர். மாலை 4 மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அரைமணிக்குள் மறுபடி வெடித்தது. மாண்ட தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீயணைப்பு வாரமாகக் கொண்டாடப்படுவது அவர்கள் நினைவாகத்தான்.

ஆகவே அன்பர்கள் இன்றே ஒரு தாளில், தெலுங்கிலும் தமிழ் எழுத்திலும், சில வரிகளை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம். 'இல்லு காலுதோந்தி, வெண்டனே ரண்டி' என்றால் வீடு எரிகிறது, உடனே வாருங்கள் என்பதாம். 'தக்கர' என்றால் அருகில். கோயிலோ பள்ளியோ எது அருகில் உள்ளதோ அதன் பெயருக்குப் பின்னால் அதைச் சேர்க்க வேண்டும். கதவெண், தெரு, பேட்டை, ஊர், பிறகு மாவட்டம். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டது. நம்மில் பலர் இன்னும் பழக்கத்தால் சித்தூர் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். எரிவது என்ன, உள்ளே யாரேனும் அகப்பட்டிருக்கிறார்களா, எத்தனையாவது மாடி என்பவற்றையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கும் வரை நாம் டெலிபோனை வைக்கலாகாது. 101 இல்லையேல் 112. தீயில்லாமல் காஸ் கசிவு மட்டும் என்றால் 1906. அச்சமயம் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து பேச வேண்டும்.

பையனுடைய ஆசையை அப்படியே அணைத்துவிடச் சொல்கிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அவனுக்கு நேர்வழி ஒன்று திறந்தே இருக்கிறது. 12 வயது நிரம்பிய எவரும் மத்திய அரசு நடத்தும் பரீட்சை எழுதி, அமெச்சூர் வானொலி லைசென்ஸ் பெறலாம். கருவியின் தத்துவம், உள்நாட்டு வெளிநாட்டு விதிகள் இரண்டுமே பாடம். உயர்ந்த வகுப்புக்கு மட்டும் மார்ஸ் தந்தி தெரிய வேண்டும். லைசென்ஸ் கிடைத்தால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசவும் கேட்கவும் அவனுக்கு முழு உரிமை. விண்வெளி நிலையத்திலிருந்து வீரர்கள் அமெச்சூர்களோடு உரையாடும் 145.800 மெகாஹெர்ட்ஸும் அதற்குள்ளேயே இருக்கிறது. நிலையம் திருப்பதிக்கு மேலே கடக்கும் சில நிமிஷங்களில் சிறு கருவியிலேயே அது கேட்கும். மாடிக்குப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்?

பிறருக்கு உதவியாகவும் அமையும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் பெண்மணி, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலிக் கழகத்தின் குழுவோடு அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேரில் கருவியை அமைத்து, உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு பேசிக்கொண்டிருந்தார். 26-ஆம் தேதி காலை நிலம் நடுங்கியது, கடல் பொங்கியது, டெலிபோன் அறுந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவி, அத்தீவுகளுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி சுமக்கும் பாதையாயிற்று. எத்தனையோ குடும்பங்களுக்குத் தம்மவர் உயிரோடு இருப்பதை அவரும் அவர் துணைவர்களும் தெரிவித்தார்கள். அவருக்கு அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், லைசென்ஸ் பெற்று, ஒழுங்காகப் பேசவும் கேட்கவும் முன்னரே பழகியிருந்ததே.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே கடங்கி என்னும் ஊரில், 1024 ஆன்டெனாக்களை வரிசையாக நட்டு, வானத்தை நோக்கி 53 மெகாஹெர்ட்ஸில் அலையை வீசி, மேலே காற்று எவ்வாறு அசைகிறது என்பதை அதன் மெல்லிய எதிரொலியிலிருந்து அறியும் மத்திய அரசின் ஆராய்ச்சிச் சாலை இருக்கிறது. பஸ்ஸில் அவ்வழியே போகும்போது நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தலைநிமிர்ந்து பார்த்திருப்பார்கள்?

அன்பருக்கு நாம் எழுதிய மறுமொழி இதுதான்: கருவியை விற்றவருக்கே திருப்பி அனுப்பிவிடவும், அவர் வாங்க மறுத்தால், பாட்டரியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, லைசென்ஸுக்கு மனுச் செய்யும்போதே அதைப் பற்றிய யோசனையையும் கேட்டுக்கொள்ளவும். பரீட்சைக்குரிய புத்தகம் நம் சங்க வாசகசாலையில் ஒரு பிரதி இருக்கிறது. பையன் வந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்த கூட்டத்தில் மீதி 9 பேரையும் மறுபடி எழுப்பப் போகிறோம். சந்தில் இரண்டாவது வீட்டு அன்பர் தம் தெருவின் பெயரை அதற்குள் விசாரித்துக்கொண்டு வருவாராக.